குடை இல்லாத குடைக் கதை

1. வாசிப்பு

வள்ளியம்மாள் எழுந்து நின்றாள். புத்தகத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். உதடுகள் அசையத் தொடங்கின. ஒரு வரி முடிந்து கண் அடுத்த வரிக்கு இறங்குவதுகூடத் தெரிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

"வாய் விட்டுப் படிம்மா" என்றார் தலைமையாசிரியர்.

அவள் வாயை இன்னும் அகலமாகத் திறந்தாள். இன்னும் நிதானமாக உதட்டை அசைத்தாள். சத்தம் வரவில்லை.

வகுப்பில் சிலர் சிரித்தார்கள். பலர் சிரிக்கவில்லை என்பதை நான் அப்போதே கவனித்தேன். அவர்கள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் உதடு நின்றதும் எதிர்ப்பக்கத்து பெஞ்சிலிருந்து ஒரு பையன், "முடிச்சுட்டாளுங்க சார்" என்றான்.

"உனக்குக் கேட்டுச்சாடா?"

"கேக்கலீங்க சார். தெரிஞ்சுதுங்க."

தலைமையாசிரியர் அவள் பெயருக்கு நேரே ஒரு சைபர் போட்டார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். பதினோராம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுப்பவன் நான்தான். ஆங்கிலத்தில் எது கேட்டாலும் வள்ளியம்மாள் எழுதிவிடுவாள் என்று அன்று காலையில்தான் அவரிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

இப்போது பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. போய், பிளஸ் டூ வந்துகொண்டிருக்கிறது. புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களுக்கு அந்தக் காலத்து செலக்‌ஷன் பற்றித் தெரிந்திருக்காது. அரசாங்கப் பரீட்சைக்கு முன்னால் பள்ளிக்கூடமே ஒரு பரீட்சை வைக்கும். தேறாதவர்களைப் பப்ளிக் எக்ஸாமுக்கு அனுப்பாமல் நிறுத்திவைக்கும். பள்ளிக்கூடத்தின் தேர்ச்சி விகிதம் கெடாமல் இருக்க அது ஒரு வழி. எங்கள் தலைமையாசிரியர் ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு வந்தவர், இங்கிலீஷ் என்றால் கையால் எழுதுவது மட்டும் அல்ல, காதும் வாயும் வேண்டும் என்று சொல்லி, செலக்‌ஷனில் இரண்டு டெஸ்டுகளைச் சேர்த்தார். ஒன்று உரக்க வாசிப்பது. மற்றது ஒரு கதையைக் காதால் கேட்டு, அதைத் தன் சொந்த ஆங்கிலத்தில் எழுதுவது. யோசனை நல்ல யோசனைதான். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

2. குடை

அன்று மத்தியானம் இரண்டாவது டெஸ்ட். ரயிலில் ஏறிய ஒரு பெரியவர் குடையைத் தொலைத்துவிட்டுத் தேடும் கதை. தலைமையாசிரியர் அதை இரண்டு முறை வாசித்தார். அவர் ஓரிடத்தில் நின்று வாசிப்பவர் அல்ல. ஒரு கையில் புத்தகம், இன்னொரு கை முதுகுக்குப் பின்னால். கரும்பலகையில் தொடங்கி பெஞ்சுகளுக்கு நடுவே கடைசிச் சுவர் வரை போய், அங்கேயே நின்று கொஞ்சம் வாசித்து, பிறகு திரும்பி வருவார். நான் நேர்மாறு. மேடையை விட்டு இறங்காத ஆள்.

சாயங்காலம் விடைத்தாள்களோடு என்னைக் கூப்பிட்டார்.

"என்ன மிஸ்டர், உங்க ஃபர்ஸ்ட் ஸ்டூடண்ட் எழுதியிருக்கறதைப் படிங்க."

படித்தேன். ஆங்கிலம் சுத்தமாக இருந்தது. பெரியவர் ரயில் ஏறினார். பக்கத்தில் இருந்தவரோடு பேசினார். வீட்டுக்கு வந்தார். மனைவி சிரித்தாள். அவ்வளவுதான். மனைவி ஏன் சிரித்தாள் என்று இல்லை.

"குடை எங்க?" என்றார் தலைமையாசிரியர். "குடைக் கதை மிஸ்டர் இது. ஒரு குடை இல்ல!"

எனக்கும் புரியவில்லை. இவ்வளவு நன்றாக எழுதத் தெரிந்தவள் கதையின் நடுவயிற்றை எப்படி விட்டாள்?

"ரெண்டுலயும் போச்சு. டீடெய்ன் பண்ணிடலாம். அடுத்த வருஷம் எழுதட்டும்."

அவளுக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று இருக்குமா என்பது எனக்குச் சந்தேகமாக இருந்தது.

3. முன்கட்டு

மறுநாள் அவள் வரவில்லை. சாயங்காலம் அவள் வீட்டைத் தேடிப் போனேன்.

நான் கணியூர்ப் பக்கத்து ஆள். எங்கள் பக்கம் சத்தம் என்பது வாய்க்கால் தண்ணீர் மாதிரி. ஒரு வயலில் கூப்பிட்டால் நாலு வயல் தள்ளித் தானாகப் போய்ச் சேரும். திருப்பூரில் சத்தம் ஒரு சுவர். அந்தத் தெருவுக்குள் நுழையும்போதே அதில் முட்டிக்கொண்டேன். வள்ளியம்மாள் வீட்டு முன்கட்டில் நாலு நிட்டிங் மெஷின்கள் சுற்றிக்கொண்டிருந்தன. வீடும் அதுதான், பனியன் கம்பெனியும் அதுதான். நூல் கோன்கள் மேலே, சுற்றிச் சுற்றி இறங்கும் துணி கீழே. நடுவில் அவள் அப்பா, நெற்றியில் திருநீறும் மீசையில் பஞ்சுமாக. சுவரில் முருகன் படம். அவர் மீதும் பஞ்சு.

அவள் அப்பா என்னைப் பார்த்துக் கும்பிட்டார். வாயை அசைத்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்து வாயை அசைத்தாள். அவர் தலையாட்டினார். வள்ளியம்மாள் ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து வாயை அசைத்தாள். மூவரும் சிரித்தார்கள். ஒரு குடும்பம் முழுக்க என் கண்முன்னால் பேசிக்கொண்டிருந்தது. நான் மட்டும்தான் செவிடன்.

அந்த வினாடியில் முதல் நாள் வாசிப்பு எனக்கு விளங்கிவிட்டது. அந்த வீட்டில் குரலுக்கு வேலையே இல்லை. பாடம் படிப்பது என்றால் அவளுக்கு உதட்டால் படிப்பது. குடை போன இடமும் தெரிந்தது. தலைமையாசிரியர் முகம் தெரிந்த வரைக்கும் கதை. அவர் பின்னால் போனதும் கதை போயிற்று.

தெருவுக்கு வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். அங்கே வந்த பிறகும் அவள் அப்பாவின் வாய்தான் அசைந்தது.

"அப்பா, சத்தமுங்க" என்றாள் மகள்.

"அட, ஆமா!" என்றார் அவர். என் காதுக்குள் இடி விழுந்தது. "வாங்க சார். புள்ள என்னமோ பெயிலாயிட்டன்னு ஊட்டுல வந்து ஒரே அழுவாச்சிங்க. தேறுனா டீச்சர் ட்ரெய்னிங், தேறலீன்னா வைகாசில கண்ணாலம். அப்புடித்தான் பேச்சுங்க. மாப்ள ஊட்டுல கேட்டுக்கிட்டே இருக்கறாங்க."

நான் மெல்ல இழுத்தேன். "அம்மிணிக்குக் காது..."

"காதா?" அவர் முகம் மாறிவிட்டது. "சார், கும்புட்டுக் கேக்கறனுங்க. அந்தப் பேச்ச மட்டும் பள்ளிக்கூடத்துல பேசிப்போடாதீங்க. ஒரு வாய்ல இருந்து ஒரு வாய்க்குப் போனா, நாளைக்கு இவளுக்கு டீச்சர் வேலையும் இல்ல, மாப்ளையும் இல்லீங்க."

"இல்லீங்க, நான் எதுக்குச் சொல்றேன்னா..."

வள்ளியம்மாள் எங்களைக் கவனிக்கவில்லை. தலையைச் சற்றே சாய்த்து, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, மூணாவது மெஷின்ல ஊசி போயிருச்சுங்க."

அவர் செருப்பைக்கூடப் போடாமல் உள்ளே ஓடினார். ஊசி ஒடிந்தால் துணியில் ஏணி மாதிரிக் கோடு இறங்கிக்கொண்டே போகும். ஓடியவர் சிறிது நேரத்தில் திரும்பி வந்தார். ஒடிந்த ஊசியை என் உள்ளங்கையில் வைத்தார்.

"காது கேக்காதவளுங்களா சார்?"

4. செருப்பு

தலைமையாசிரியரிடம் வீட்டு நிலவரத்தைச் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் அல்ல. பொறுமையாகக் கேட்டார்.

"பனியன் கம்பெனியில வாயசைச்சா போதும். இது பள்ளிக்கூடம். காதுல கோளாறுன்னா டாக்டர் சர்ட்டிஃபிகேட் கொண்டு வரச் சொல்லுங்க. அப்படியே விட்டுடறேன்."

எளிய வழி. ஆனால் அந்த வழியில்தான் போகக் கூடாது. அந்தக் காகிதம் பள்ளிக்கூடத்துக்குள் வந்தால், சாயங்காலம் ஊருக்குள் போய்விடும்.

"காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். டெஸ்ட்டை இன்னொரு தடவை வச்சுப் பாக்கலாம். தேறாத எல்லாருக்குமே. நீங்க மேடையிலேயே உக்காந்து படிச்சீங்கன்னா..."

"ஏன், நடந்தா என்ன?"

அவளைக் காட்டிக்கொடுக்காமல் ஒரு காரணம் வேண்டியிருந்தது. யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது.

"உங்க புதுச் செருப்பு கீச்சு கீச்சுங்குது சார். பசங்களுக்குக் கதை சரியாக் கேக்கலையாம்."

அவர் குனிந்து தம் காலைப் பார்த்தார். அதே அறையில் உட்கார்ந்திருந்த கணக்கு வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அது வாஸ்தவம்தான்" என்றார் தலைமையாசிரியர். "திங்கட்கிழமை வைச்சுக்கலாம்."

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை அவர் செருப்பை வகுப்பு வாசலில் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்தார். முதலில் வாசிப்பு. வள்ளியம்மாள் எழுந்தாள். "சத்தமாப் படி" என்று மட்டும் அவளிடம் முன்பே சொல்லியிருந்தேன். அவளுக்குத் தெரிந்த சத்தம் மெஷினுக்கு மேலே போகும் சத்தம். முதல் வாக்கியத்திலேயே பக்கத்து வகுப்பு பாடத்தை நிறுத்திவிட்டது. இரண்டாவது வாக்கியத்தில் பள்ளிக்கூடத்துப் புளியமரத்துக் காக்கைகள் கிளம்பின. கடைசி பெஞ்சில் ஒருவன், "மெஷின நிறுத்துங்கடா" என்றான்.

"போதும்மா, போதும்" என்று தலைமையாசிரியர் கையை உயர்த்தினார். மார்க் போட்டார். உச்சரிப்பு ஒன்றுகூடத் தவறவில்லை.

பிறகு கதை. அவர் மேடையில் உட்காரவில்லை. செருப்புதானே குறை, அதுதான் கழற்றியாயிற்றே என்று நடக்க ஆரம்பித்துவிட்டார். இப்போது முன்பைவிட மோசம். பூனை நடை. எங்கே இருக்கிறார் என்று திரும்பிப் பார்த்தால்தான் தெரியும், திரும்பிப் பார்க்கவோ அனுமதியில்லை.

ஒரு படகோட்டியின் கதை. முதல் வாசிப்பில் அவர் முன்னால் இருந்தவரை வள்ளியம்மாளின் பேனா ஓடியது. அவர் அவளைத் தாண்டினார். பேனா நின்றது. அவள் முதுகு விறைத்தது. பின்னால் படகு கவிழ்ந்துகொண்டிருந்தது. அவள் வெறும் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வராந்தாத் தூணில் சாய்ந்து நின்றேன். செய்வதற்கு ஒன்றுமில்லை. குடை மறுபடியும் தொலையப் போகிறது, வைகாசி வரப்போகிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது வாசிப்பு தொடங்கியது. தலைமையாசிரியர் அவளுக்கு நேர் எதிரே, முழு முகமும் தெரிய நின்றிருந்தார். அவள் நிமிரவில்லை. தலையைச் சற்றே சாய்த்து, டெஸ்கைப் பார்த்தாள். வேப்பமரத்தடியில் பார்த்த அதே சாய்வு. அவர் முன்னால் இருந்தார், பின்னால் போனார், சுவரோரம் நின்றார், திரும்பினார். அந்தத் தலை அசையவில்லை. பேனா மட்டும் ஓடியது.

5. படகு

அவள் தாளில் படகு இருந்தது. கவிழ்ந்தது. மூட்டை மிதந்தது. எல்லாம் இருந்தது. தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கா. ஆனா பாருங்க மிஸ்டர், நான் ரெண்டாவது தடவை படிக்கறப்போ ஒரு தரம்கூட என் மூஞ்சியைப் பாக்கல. பெரியவங்க பேசறாங்கங்கற மரியாதை வேண்டாமா?"

செலக்‌ஷன் லிஸ்ட் ஒட்டிய அன்று அவளிடம் கேட்டேன். "ரெண்டாவது தடவை எப்படிம்மா பிடிச்சே?"

"ஹெட்மாஸ்டரைப் பாத்தா கண்ணு உதட்டைத்தானுங்க தேடுது. அதான் பாக்கவே வேண்டாம்னு உட்டுட்டனுங்க. மெஷினு ஓடுது, ஊசி போவுதான்னு கேக்கறேன்னு நெனச்சுக்கிட்டனுங்க. அப்பறம் எல்லாம் கேட்டுதுங்க."

பிறகு பயந்துபோய், "ஹெட்மாஸ்டர்கிட்டச் சொல்லிப்போடாதீங்க சார்" என்றாள். நான் சொல்லவில்லை.

பப்ளிக் எக்ஸாமில் தேறினாள். ட்ரெய்னிங் போனாள். இப்போது காங்கேயம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவள் பாடம் நடத்தினால் பக்கத்து வகுப்புக்கு வேறு டீச்சர் தேவையில்லை என்று கேலி பேசுகிறார்கள்.

காதை மட்டும் சோதிக்கிற டெஸ்ட் என்று ஒன்று கிடையாது. அதோடு சேர்த்து அந்தப் பிள்ளை எந்த வீட்டிலிருந்து வருகிறது என்பதையும் நாம் சோதித்துவிடுகிறோம், அதற்கும் சேர்த்து மார்க்கைக் குறைத்துவிடுகிறோம். நான் கற்றது இவ்வளவுதான். அந்த வருஷத்துக்குப் பிறகு நான் மேடையை விட்டு இறங்கினேன். கதையை முதல் தடவை கரும்பலகை ஓரம் நின்று படிப்பேன். இரண்டாம் தடவை கடைசிச் சுவரில் முதுகைச் சாய்த்துப் படிப்பேன். படித்துக்கொண்டே, எந்தப் பேனா நிற்கிறது என்று பார்ப்பேன். நின்ற பேனாவின் வீட்டுக்கு அந்த வாரமே ஒருநாள் போய்வருவேன்.