எலிப்பொறி வண்டியும் யோசபின் ரீச்சரும்

எங்கள் பாடசாலை ஆசிரியர்களின் வைபர் குழுவில், பரீட்சை மேற்பார்வைப் பட்டியலுக்கும் யாரோ அனுப்பிய காலை வணக்கப் படத்துக்கும் நடுவில் அந்தச் செய்தி வந்தது. யோசபின் ரீச்சர் காலமானார். அரை மணி நேரத்துக்குள் அதன் கீழே கும்பிட்ட கைகள் வரிசையாக நின்றன. அவற்றில் பாதி, ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவரோடு ஒரே மேசையில் தேநீர் குடிக்க மறுத்தவர்களின் கைகள். என்னுடையதும் அங்கே இருந்தது.

மறுநாள் பாடசாலை வாசலில் பதாகை கட்டினார்கள். ‘என்றும் புன்னகை மாறா ஆசிரியை.’ அவரோடு வேலை செய்த உங்களுக்குத் தெரியும், அவர் காரணமில்லாமல் சிரிப்பவரல்ல. குருநகரில் கடற்றொழில் குடும்பத்தில் பிறந்தவர். பௌதிகவியல் படித்து, பருத்தித்துறைப் பக்கம் இருந்த எங்கள் பெண்கள் பாடசாலைக்கு நாள்தோறும் இரண்டு பஸ் ஏறி வந்தவர்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் வலயமட்ட அறிவியல் போட்டியில் ஒரு வண்டி கேட்டிருந்தார்கள். எலிப்பொறியின் வில்லைத் தவிர வேறெந்தச் சக்தியும் கூடாது. அதிக தூரம் ஓடுவது வெல்லும். பத்தாந் தரப் பிள்ளைகள் மூவர் பழைய சீடிகளைச் சில்லுகளாக்கி, சைக்கிள் கம்பியை அச்சாக்கி, பொறியிலிருந்து மீன்பிடித் தங்கூசி நூலை இழுத்து அச்சில் சுற்றினார்கள். பொறி மூடும்போது நூல் இழுபட்டு அச்சு சுழலும். ஆனால் நூலின் நுனியை அச்சோடு இறுக முடிந்துவிட்டார்கள். நூல் முழுவதும் அவிழ்ந்ததும் அந்த முடிச்சே வண்டியைப் பிடித்து நிறுத்தியது. நான்கு நாட்களாக இரண்டு மீற்றருக்கு மேல் ஓடவில்லை. ஆய்வுகூடத்தில் அவர்களோடு நின்றவர் யோசபின் ரீச்சர்.

“அக்கா, முடிச்சை எடுக்கச் சொல்லுங்கோவன். உங்களுக்குத் தெரியும்தானே,” என்றேன்.

“வலை பின்னுற வீட்டுப் பிள்ளைக்கு முடிச்சுத் தெரியாதே? நான் சொன்னா அது என்ரை வண்டி, சுகந்தி.”

“தோத்தா?”

“தோத்த வண்டி அவையின்ரை. அவையே தோக்கட்டும்.”

ஐந்தாம் நாள் பிள்ளைகள் முடிச்சை எடுத்துவிட்டு, நுனியில் ஒரு கண்ணி வைத்து, அச்சில் இருந்த சிறு ஆணியில் கொளுவினார்கள். நூல் அவிழ்ந்ததும் கண்ணி தானாகக் கழன்றது. வண்டி ஏழு மீற்றர் ஓடியது. ஆய்வுகூடத்தில் அவர்கள் போட்ட சத்தத்துக்குப் பாடசாலை அதிபர் வந்து ஏசினார். யோசபின் ரீச்சர் வாய்விட்டுச் சிரித்ததை நான் கண்டது அன்றுதான்.

ஏழு மீற்றர் எனக்குப் போதவில்லை. எங்கள் பக்கத்தில் போட்டிப் பொருள்களை யார் செய்கிறார்கள் என்பது ஆசிரியர் எல்லோருக்கும் தெரியும். தகப்பன் செய்வார், அல்லது ரியூசன் மாஸ்டர் செய்வார். பிள்ளை விளக்கத்தைப் பாடமாக்கி ஒப்புவிக்கும். இந்த முறை கிண்ணம் எங்களுக்குத்தான் என்று அதிபர் காலைக் கூட்டத்தில் சொல்லிவிட்டார். போட்டிக்குப் பொறுப்பாசிரியை நான். வண்டியை ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பித்தளை அச்சும் புதுச் சில்லுகளும் போடுவித்தேன். போட்டியன்று காலை பிள்ளைகளின் கையில் கொடுத்து, “கொஞ்சம் திருத்தியிருக்கிறன்,” என்றேன். அவர்களுடைய வண்டியில் மிஞ்சியிருந்தது பொறி மட்டும்.

பதினாறு மீற்றர் ஓடியது. முடிவை அறிவிக்கும் நேரத்தில் யோசபின் ரீச்சர் எழுந்து நடுவரைப் பார்த்தார்.

“சேர், உந்த வண்டி பிள்ளையள் செய்ததில்லை. விலக்கிவிடுங்கோ.”

“அப்ப ஆர் செய்தது?”

“பெரியாக்கள்.”

“எந்தப் பெரியாள், ரீச்சர்?”

“பெரியாக்கள் எண்டு எழுதுங்கோ. அதுவே போதும்.”

நான் மூன்றாம் வரிசையில், மடியில் கைப்பையோடு இருந்தேன்.

வண்டியை விலக்கினார்கள்; கிண்ணம் வேறு பாடசாலைக்குப் போனது. ஆசிரியர் அறையில் அதன் பிறகு வேறு கதை இல்லை. “உவ ஆற்றை பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கிறா?” “தன்னைப் பொறுப்பாப் போடேல்லை எண்ட எரிச்சல்.” “குருநகரிலையிருந்து பஸ் ஏறி வந்து எங்களுக்கு நேர்மை பழக்கிறாவாம்.” சிரித்தார்கள். நான் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தேன். முதலில் வாயை மூடவைத்தது பயம். பிறகு, காலம் கடந்துவிட்டது என்ற வசதி. இரண்டு பாடசாலைத் தவணைகள் அவர் ஆய்வுகூடத்தில் தனியே இருந்து சாப்பிட்டார். பிறகு தீவுப் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்கு இடமாற்றம் வந்தது. போகும் நாளில் ஆய்வுகூடத்தின் திறப்புக் கோர்வையை என்னிடம் தந்தார். “அமில அலுமாரி இறுக்கம். கதவைக் கொஞ்சம் தூக்கித் திறவுங்கோ.” அதன் பிறகு நான் அவரைப் பார்க்கப் போகவில்லை, நோயில் கிடந்தபோதும்.

குருநகர்த் தேவாலயத்தில் இறுதித் திருப்பலி முடிந்து வெளியே நின்றபோது, அந்த மூவரில் ஒருத்தி வந்தாள். இப்போது தாதியாக வேலை செய்கிறாள்.

“ரீச்சர், அண்டைக்கு நாங்கள்தான் அவவிட்டைப் போய் அழுதனாங்கள். இது எங்கடை வண்டியில்லை, பரிசு தந்தா மேடையில ஏறமாட்டம் எண்டு. ‘நீங்கள் வாய் திறவாதேங்கோ, உங்களைத்தான் ஏசுவினம், நான் பாக்கிறன்’ எண்டவ.”

“மாத்தினது நான் எண்டு அவவுக்குத் தெரியுமோ?”

“ஓம் ரீச்சர். நாங்கள்தானே சொன்னனாங்கள்.”

என் பெயரைச் சொல்லியிருந்தால் அவர் ஆசிரியர் அறையில் தலைநிமிர்ந்து இருந்திருப்பார். சொல்லவில்லை. பிள்ளைகளைக் காத்தார், அதற்கு அவர்கள் தகுதியானவர்கள். என்னையும் காத்தார்.

முப்பத்தோராம் நாள் நினைவுமலருக்கு அவருடைய நற்குணங்களை எழுதித் தரும்படி அதிபர் கேட்டார். எழுதியது இதுதான். அச்சிடுவார்களோ தெரியாது. யோசபின் ரீச்சரிடமிருந்து நான் வைத்திருப்பது, ஒன்பது ஆண்டுகள் அவர் சுமந்த அவப்பெயர். அது என்னுடையது. இன்று எடுத்துக்கொள்கிறேன், இனி அதனால் அவருக்கு ஒரு பயனும் இல்லை என்று தெரிந்துகொண்டே.