ஈவோனியின் கடைவாய்ப் பல்

இரண்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். இன்று கருவாருச் சந்தைக்குச் சரக்கு ஏற்றும் மூன்று லாரிகளும் என்னுடையவை. ஆளைப் பார்த்ததும் எடைபோடத் தெரிந்தவன். அதனால் ஜாசிராவைப் பற்றி நானே எழுதுகிறேன்.

கரும்பு வெட்டுகிறவரின் மூத்த மகள் அவள். ரெசீஃபே நகரத்துக்குப் போய்ப் படித்து, பல் மருத்துவக் கல்லூரி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தாள். பிடுங்கிய ஞானப்பல்லை உடைத்து, உள்ளே இருக்கும் மென்சதையின் செல்களைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்ப்பாள். பல் சீழ்பிடித்து வீங்கும்போது உடம்பு சுரக்கும் பொருட்களை அவற்றின்மேல் விட்டு, அவை பிழைக்கின்றனவா என்று பார்ப்பாள். ஊரில் அவளுக்கு 'பல்லுக்குச் சோறு போடுறவ' என்று பெயர்.

அவள் தங்கை ஈவோனியை என் மகன் ஜெனிவாலுக்குப் பேசி முடித்தோம். எங்கள் பக்கத்தில் மணப்பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டார் தரும் பரிசு, எல்லாப் பற்களையும் எடுத்துவிட்டுப் புதிய பல்செட். பிற்பாடு புருஷனுக்குப் பல் வைத்தியச் செலவே வராது. என் மனைவி சுல்மிராவுக்கும் அப்படித்தான் செய்தேன். ஈவோனிக்குக் கருவாருவிலேயே உயர்ந்த செட் என்று அறிவித்தேன். அவளுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று வலித்துக்கொண்டிருந்ததால் அவளுக்கும் சந்தோஷம்தான்.

விஷயம் கேள்விப்பட்டு ஜாசிரா அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

"மாமா, ஒரு டயர் பஞ்சரானா லாரியையே உடைச்சு இரும்புக்குப் போடுவீங்களா?"

லாரியைப் பற்றி என்னிடமேயா என்று கேட்டேன். அவள் ஐஸ் போட்ட கரும்புச் சாற்றைத் தங்கையிடம் நீட்டினாள். ஒரு மடக்கு. ஈவோனி கன்னத்தைப் பிடித்தாள், உடனே கையை எடுத்துவிட்டாள்.

"வலி விட்டுடுச்சா?"

"விட்டுடுச்சு. இருந்தாலும் பிடுங்கிடலாம்க்கா. நிம்மதியா இருக்கும்."

"வலி விடாம இழுத்திருந்தா நானே சரின்னிருப்பேன். உள்ள இன்னும் உயிரு இருக்குடி."

நான் கண்ணால் பார்க்காததை நம்புகிறவன் இல்லை. மரவள்ளி மாவு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, ஜாசிராவையும் முன்னால் உட்காரவைத்து ரெசீஃபேக்கு ஓட்டினேன்.

நுண்ணோக்கியில் இரண்டு கிண்ணங்களைக் காட்டினாள். ஒன்றில் செல்கள் சுருங்கிக் கிடந்தன. மற்றதில் நெருக்கமாக நின்றன, நடுவே சிவப்புச் சாயம் ஏறிய புள்ளிகள்.

"ரெண்டுக்கும் விட்டது ஒண்ணுதான் மாமா, பல்லு வீங்குறப்ப உடம்பு சுரக்கிறது. இதுக்கு ரொம்ப நாள் விட்டேன், தாங்கல. இதுக்குக் கொஞ்சமா விட்டு நிறுத்திட்டேன். முழிச்சுக்கிட்டு, சுண்ணாம்பு சேர்த்துச் சுவரு கட்டுது. அந்தச் செவப்பு அதுதான்."

நீண்ட நேரம் குனிந்து பார்த்தேன். பத்து வயதில் சந்தையில் மூட்டை சுமந்து, அடிவாங்கி, அந்த அடியிலேயே எழுந்தவன் நான். என்னோடு சுமந்தவர்களில் பலர் எழவில்லை. கிண்ணத்தில் கிடந்த இரண்டு கூட்டத்தையும் எனக்குத் தெரியும்.

"சுவரு கட்டுறவனை வெளிய தூக்கிப் போடக் கூடாது. என்ன செய்யணுமோ செய்," என்றேன்.

அந்தக் கல்லூரிக்கே ஈவோனியை வரவழைத்து, அவள் பல்லின் சொத்தையைச் சுரண்டி, மருந்து வைத்து அடைத்தார்கள். செலவு என்னுடையது, அதுவே கல்யாணப் பரிசு. இந்த ஜில்லாவில் மருமகளின் சொந்தப் பல்லையே அவளுக்குப் பரிசாகக் கொடுத்தவன் நான் ஒருவன்தான்.

கல்யாண விருந்தில் ஆட்டுக்கறி. ஈவோனி அடைத்த பல் இருக்கும் பக்கமாகவே எலும்பைக் கடித்து உறிஞ்சினாள். எதிரில் ஜாசிரா சாப்பிட மறந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுல்மிரா தன் பல்செட்டுக்கு மசியாமல் தட்டில் ஒதுக்கிவைத்திருந்த எலும்பை எடுத்து மருமகளின் தட்டில் வைத்தாள்.

"நீயே கடிம்மா," என்றாள்.