முதல் படியிலேயே

ஜோசுவா சட்டைப் பையில் விரலை விட்டுக் கிராம்பைத் துழாவினால், செக்கிங் மேசைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது என்று அர்த்தம். வாயில் போட்ட கிராம்பு ஊறி மெத்தென்று ஆகும்வரை ஒரு வார்த்தை பேசமாட்டார். "கேக்குறதுக்கு அவசரப்படு, பேசறதுக்கு லேட் பண்ணுன்னு வேதத்துல இருக்குதும்மா. வெறும் வாயி லேட் பண்ணாது," என்பார் பிறகு.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் அன்று அவருடைய கிராம்புப் பையே காலியாகிவிட்டது. வெட்டி வந்த தோல்களில் உண்ணி கடித்த தழும்புகள். தழும்பை ஒதுக்கித்தான் வெட்ட வேண்டும். செக்கிங் பார்க்கும் ஜோசுவா திருப்பி அனுப்பினார். வெட்டியவர் வாஹித் பாஷா, அவரோடு ஒரே டிபன் பாக்ஸில் கைவைக்கும் தோஸ்த். நேரே வந்து எல்லார் முன்னாலும் கத்தினார்: "என் பொழப்புல மண்ணு போடறதுக்குன்னே உக்காந்துனு இருக்கியா?" அதோடு விடவில்லை. திங்கட்கிழமை முதல் ராணிப்பேட்டை யூனிட்டுக்கு மாற்றல் கேட்டுவிட்டார்.

"மேனேஜர்கிட்ட சொல்லுண்ணா," என்றாள் செக்கிங் மேசை மேகலா.

"சண்டை வந்தா வேதத்துல ஒரு வரிசை இருக்குதும்மா. மொதல்ல நீயும் அவனும் தனியா பேசணும். ஒத்து வரலன்னா ரெண்டு சாட்சி. அப்புறம் சபை. அந்த வரிசையில மேனேஜரே இல்லம்மா."

"அவரு உங்க சபையே இல்லியேண்ணா!"

"அதான், மொதல் படியிலேயே முடிச்சிடணும்."

சனிக்கிழமை சாயங்காலம் வாஹித் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"இன்னா?"

"நீ சொல்லு. கேக்குறதுக்குத்தான் வந்தேன்."

வாஹித் சொன்னார். ஜோசுவாவின் கஞ்சத்தனம், பெரிய மனுஷத் தோரணை, பிரியாணியில் கறியாகப் பார்த்துப் பொறுக்குவது எல்லாம் வந்தது. பாதிக்கு மேல் பொய். ஜோசுவாவுக்கு மறுக்க நாக்குத் துடித்தது. மறுத்தால் திங்கட்கிழமை டிபன் பாக்ஸுக்கு எதிரில் ஆள் இருக்காது. "அப்புறம்?" என்றார். இன்னும் கொஞ்சம் கேட்டுவிட்டு மறுபடியும், "அப்புறம்?"

வாஹித்தின் குரல் இறங்கியது. "தழும்பே தெரியலப்பா. கிட்டத்துல எல்லாம் கலங்குது. தெரிஞ்சா கட்டிங்க விட்டே தூக்கிடுவாங்க. உன் எதிர்ல மாட்டினு நிக்கிறத விட, போயிடலாம்னு பாத்தேன்."

ஜோசுவா தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, வாஹித்தின் காதுகளில் மாட்டிவிட்டார். கம்பெனித் தோலில் தைத்த தன் பர்ஸை எடுத்து நீட்டினார். வாஹித் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓர் ஓரத்தில் விரல் நின்றது.

"தழும்பு! இதப் பாஸ் பண்ணவன் எவன்?"

ஜோசுவா கண்களை இடுக்கிக்கொண்டு, ஆள்காட்டி விரலால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.