கலங்கல் பிரித்த அன்று

ஏரிப்பாசன ஊர்க்காரர்கள் யாருக்காவது உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரகடம் பக்கம் எங்கள் ஊர். 1991இல், தண்ணீர் கூடுதலாக நிற்கட்டும் என்று தை மாதமே, உபரி நீர் வழிந்தோடும் ஏரிக் கலங்கல்மேல் மணல் மூட்டைகளை அடுக்கிவிட்டோம். பங்குனியில் மழையை யார் எதிர்பார்த்தார்கள்? இரண்டு நாள் விடாமல் கொட்டியதில் ஏரி தளும்பி, கரை கசிந்தது. மூட்டைகளைப் பிரித்துவிட முடிவானது.

அதற்குமுன், அந்தத் தண்ணீர் பாயும் கீழூருக்கு ஆள் போய்ச் சொல்வது வழக்கம். அக்காவைக் கொடுத்த ஊர் என்பதால் என்னைப் போகச் சொன்னார்கள். நைட் ஷிப்ட் முடித்து நனைந்து வந்திருந்தேன். ஈரச் சட்டையை மாற்ற வீட்டுக்குப் போனவன், கட்டிலில் சற்றுச் சாய்ந்தேன். விழித்தபோது மதியம். நான் சொல்லியிருப்பேன் என்று நம்பி, அவர்கள் காலையிலேயே பிரித்துவிட்டிருந்தார்கள்.

சைக்கிளில் பறந்தேன். களத்தில் முழங்கால் தண்ணீர். மிதந்த நெல்லை அக்கா முறத்தால் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"மாமா எங்கேக்கா?"

"உங்க ஏரி ஒடைஞ்சிட்ச்சின்னு உன்னைத் தேடித்தான் ஓடிகீறாரு. தொறந்து வுட்டிருந்தா சொல்லி அனுப்பியிருக்க மாட்டீங்களா? உனக்கு ஒண்ணும் ஆவலையேடா?"

நானும் குனிந்து நெல்லை அள்ளத் தொடங்கினேன்.

பொழுது சாயும்போது மாமா வந்தார். காலில் முள் கிழித்த ரத்தம். எங்கள் ஊரில் எல்லாம் விசாரித்திருப்பார். என்னைப் பார்த்து, "சாப்ட்டியா மச்சான்?" என்றார். அவ்வளவுதான்.

இப்போது யார் எந்தச் சேதி சொல்லச் சொன்னாலும் ஈரச் சட்டையோடே கிளம்பிவிடுகிறேன். மாற்றுவதெல்லாம் திரும்பி வந்துதான்.