துட்டிப் பந்தலில் துளிர்த்த பெரணி

பந்தல்காரர் மாடசாமி இன்று காலை ஏணியோடு வந்தார்.

“அண்ணாச்சி, பதினாறு முடிஞ்சிட்டுல்லா, பந்தலப் பிரிச்சிருதேன்.”

வாசலில் இருக்கும் பெரணிச்செடி, என் மனைவி குற்றாலத்துப் பாறையிடுக்கில் பெயர்த்து, வில்வண்டியில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது. தென்காசி வெயிலில் அது கருகக் கருக, “ஒரு ஓலைத்தட்டியாவது கட்டிக் குடுங்களேன்” என்று சித்திரை முழுக்கக் கேட்டாள். “நாளைக்குப் பாப்போம்” என்றே சொல்லிவந்தேன்.

அவள் சாவுக்குப் போட்ட பந்தலின் நிழலில் இப்போது இரண்டு குருத்து விட்டிருக்கிறது.

“சாரல் விழுத வரைக்கும் இருக்கட்டும்” என்றேன்.

“துட்டிப் பந்தல நிறுத்தி வைக்கப்படாது அண்ணாச்சி. வீட்டுக்கு ஆகாது.”

ஏணியை வாங்கி உள்ளே வைத்துவிட்டேன்.

அவள் கேட்ட நிழலைக் கட்ட ஊரே வரவேண்டியிருந்தது. பிரிக்க மட்டும் என்ன அவசரம், நீங்களே சொல்லுங்கள்.