வெயில் காட்டிய சாக்கு

மரக்காணம் உப்பளத்துக்குச் சாக்குக் கட்டுகளோடு லாரியில் போனேன். இறக்கிப் போட்டதும் அங்கேயே தங்கிவிட்டேன். அதுவரை புதுச்சேரியை ஒட்டிய பொம்மையார்பாளையம் பக்கம் ஒரு கொட்டகையில் வேலை. குப்பையில் வரும் பழைய பிளாஸ்டிக்கைக் கழுவி, அரைத்து, உருக்கி, அதிலிருந்து சாக்கு நெய்வார்கள். கழுவும் தொட்டி என்னுடையது. விரலிடுக்கில் தோல் உரிந்தபோது வேறு இடம் பார்க்கலாம் என்று தோன்றியது. அதற்கு உப்பு மருந்தில்லை என்பது போன பிறகு தெரிந்தது.

உப்பு மூட்டை கட்டும் பெண்கள் செட்டுக்கு ஒரு மேஸ்திரி அம்மா. இந்தச் சாக்கை வாங்கச் சொல்லி முதலாளியிடம் பேசியது அவர்தான். கருவாட்டு உப்புக்கு இது போதும் என்று சொல்லியிருந்தார். "மூட்டை கிழிஞ்சா உன் செட்டையே மாத்திடுவேன்" என்று சொல்லித்தான் முதலாளி ஒப்புக்கொண்டார்.

பாதிக் கட்டுகளை ஷெட்டில் அடுக்கிவிட்டு மீதியைப் பிரித்ததும் சோப்பும் அழுகலும் கலந்த நாற்றம். சணல் சாக்கு வந்த காலத்திலிருந்து அங்கே ஒரு வழக்கம் உண்டு. எண்ணெய் வாடை போவதற்காகப் புதுச் சாக்கை உப்புக் குவியல்மேல் விரித்து, வெயில் காட்டிவிட்டுத்தான் நிரப்புவார்கள். இதையும் விரித்தார்கள். வாடை போகவில்லை. இன்னும் காயட்டும் என்று விட்டார்கள். சித்திரை முழுக்கக் கிடந்தது.

வெயில் தாங்குவதற்கு உருக்கும்போதே ஒரு பொடி சேர்க்க வேண்டும். எங்கள் கொட்டகையில் அந்த முறை பொடி தீர்ந்துபோயிருந்தது. எனக்குத் தெரியும். வந்த அன்றே வாயைத் திறந்தால் சாக்கோடு என்னையும் திருப்பி அனுப்புவார்கள் என்று சும்மா இருந்தேன். பிறகு சொல்வதற்கு நாளாகிவிட்டது.

லோடு ஏற்றும் காலையில், நிரப்பி வைத்த முதல் மூட்டையைத் தூக்கினோம். சாக்கின் காது கையோடு வந்தது. இரண்டாவது நடுவில் பிளந்து என் காலில் கொட்டியது.

"இன்னாய்யா இது, அப்பளமா?" என்றாள் ஒருத்தி.

"அப்பளம்னா தின்னவாவது தின்னலாம்" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

முதலாளி வந்து பார்த்தார். "நாளையிலேர்ந்து வேற செட்டு வருது" என்றார் மேஸ்திரியிடம். அவர் குனிந்து கிழிந்த சாக்கை எடுத்து உதறினார். சிரித்தவர்களும் நிறுத்திக்கொண்டார்கள்.

"இத வெயில்ல போடக் கூடாதுங்க. உருக்கறப்ப பொடி போடல. எனக்குத் தெரியும். சொல்லல" என்றேன்.

"தெரிஞ்சேவா?" என்றார் முதலாளி.

"ஆமாங்க."

முதலாளி என்னை அப்போதே போகச் சொன்னார். செட்டைப் பற்றி அப்புறம் அவர் பேசவில்லை. ஷெட்டுக்குள் பிரிக்காமல் கிடந்த சாக்குக் கட்டுகளைப் பிரித்து இழுத்துப் பார்த்தார்கள். அவை கிழியவில்லை. பெண்கள் உப்பை அவற்றில் அள்ளத் தொடங்கினார்கள்.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது மேஸ்திரி கூப்பிட்டார். ஏதோ நல்ல வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன். கிழிந்த சாக்குகளை ஒரே கட்டாகக் கட்டி வைத்திருந்தார்.

"அந்தப் பக்கந்தான போற? இத்த எடுத்துக்னு போ. மறுபடியும் உருக்கட்டும். இந்த வாட்டி பொடியப் போடச் சொல்லு. போடறானுங்களான்னு நீயே நின்னு பாரு."

எந்தப் பக்கம் போவதென்று நான் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, புதுச்சேரிப் பக்கம் போகும் பஸ்ஸுக்கு நின்றேன். சாக்குகளிலிருந்து உப்பு உதிர்ந்து கழுத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.