ராணிக் கலர்

சங்கரிக்கு ஈஸ்ட் பிடித்த அளவுக்கு மனிதர்களைப் பிடிக்காது. ரொட்டி மாவைப் பொங்க வைக்கிற அதே ஈஸ்ட்தான். அந்தச் செல்லுக்குள் ஒரு புரதத்தை வைத்திருந்தாள். அமிலம் ஏறிச் செல் தவித்தால் அது சிவப்பாக ஒளிரும். கொல்லாமலே அதன் அவஸ்தையை வேடிக்கை பார்க்கலாம். ஏனாத்தூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் அவளுடைய முனைவர் பட்டம் அந்தச் சிவப்பை நம்பித்தான் இருந்தது.

சிவப்பு அமர்க்களமாக வந்தது. வழிகாட்டி முரளீதரன் என் மாணவி, என் மாணவி என்று பீற்றிக்கொண்டார்.

ஈஸ்ட் வளரும் குடுவையில் எழுதும் மை, அதை வைத்துக் குலுக்கும் தொட்டியின் தண்ணீரில் அழிந்துபோகும். சாயக்காரர் மகளுக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையா? பட்டறையில் யார் பட்டு எது என்று தெரிய நூல் கட்டுவார்கள். அவளும் குடுவை வாயிலிருந்த பஞ்சு அடைப்பைச் சுற்றி நூல் கட்டினாள். அமிலம் விட்ட குடுவைக்கு வீட்டிலிருந்து கொண்டுவந்த, பளீரென்ற ராணிக் கலர் பட்டு நூல், விடாததற்கு வெள்ளை.

அவள் இதழுக்கு அனுப்பிய கட்டுரையைப் படித்த யாரோ, புரதம் வைக்காத ஈஸ்டையும் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தாள். அதுவும் ஒளிர்ந்தது. செத்த ஈஸ்ட் இன்னும் பிரமாதமாக ஒளிர்ந்தது. ராணிக் கலர்ச் சாயத்துக்கே ஒளிரும் குணம் உண்டு. நனைந்த நூலிலிருந்து அது உள்ளே இறங்கியிருந்தது.

துறையே கூடியிருந்த இடத்தில் முரளீதரன் சிரித்தார். "சாயம் வெளுத்துப் போச்சு. உங்கப்பாகிட்டயே பட்டம் வாங்கிக்கோம்மா." பீற்றிக்கொண்ட அதே வாய். எல்லோரும் சிரித்தார்கள். அவளுடைய ஆய்வை அன்றே கைகழுவினார்.

வீட்டில் அப்பா கைலாசம், தன் பட்டு நூலுக்கெல்லாம் அவரிடமே சாயம் போடக் கொடுக்கும் தறிக்காரர் மயில்வாகனத்தோடு பேசிக்கொண்டிருந்தார். மகளின் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார். முரளீதரனிடம் காட்ட முடியாத கோபம் அவர்மேல் பாய்ந்தது.

"உன் சாயம் போவுதுப்பா. அதாலதான் என் படிப்பே நாசமாப் போச்சு."

மயில்வாகனம் இறக்கிய பட்டு மூட்டையைத் திரும்ப வண்டியில் கட்டத் தொடங்கினார்.

கைலாசம் எந்த நூல் என்று மெதுவாகக் கேட்டார். கொல்லையில் மூங்கிலில் தொங்கியதிலிருந்து பிய்த்துக்கொண்டு போனதைச் சொன்னாள்.

"அது இன்னும் அலசாத நூலும்மா."

அவளுக்குத் தெரியாததா? சாயம் போட்ட பட்டைத் தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும் என்பது அந்தத் தெருவில் எந்தக் குழந்தைக்கும் தெரியும். சங்கரி வண்டியைப் பிடித்துக்கொண்டு, தப்பு என்னுதுதான், அப்பா சாயத்தில் குறையில்லை என்று கெஞ்சினாள்.

"அப்பனுக்காகப் பேசறே, பேசு," என்றார் மயில்வாகனம். "படிச்ச பொண்ணு, மொதல்ல சொன்னது பொய்யாவா இருக்கும்?"